தோட்டத்து ஊரில் ஜாஸ்: அதிகம் அறியப்படாத பாட்டுகளை டிஜிட்டல் பியானோவில் வாசிக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். ஆனால் ஜாஸ் என்று வாயைத் திறந்தால், அதிலும் டேட் டேமரன், சோனி கிளார்க் போன்ற பழைய ஜாஸ் பியானோ கலைஞர்களின் பெயர் சொன்னால், வழி காட்ட யாரும் இல்லை. இணையத்தில் தேடினாலும் அதே பத்துப் பதினைந்து பாட்டுகளையே எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்லித் தருகிறார்கள். பியானோ வாங்குவதில் தொடங்கி, நோட்டு (எழுதிய இசைத் தாள்) கிடைக்காத பாட்டைக் காதால் கேட்டு எழுதி எடுப்பது வரை முட்டி மோதித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்களுக்கு மேஜர், மைனர் கார்ட் பிடிக்கத் தெரியும், விரல் ஓரளவு ஓடும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பாட்டு முதலில், பியானோ அப்புறம்

பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய் பியானோவை வாங்கிவிட்டுத்தான் என்ன வாசிப்பது என்று யோசிக்கிறார்கள். பிரபலமான பாட்டு என்றால் அது சரி. நோட்டு, பயிற்சிக் காணொளி, கூடவே வாசிக்கப் பின்னணி இசை எல்லாம் தானாக வந்து சேரும். அதிகம் தெரியாத பாட்டுக்கு உங்கள் கையில் இருக்கப்போவது ஒரே ஒரு பழைய ஒலிப்பதிவாகவும் இருக்கலாம். அதனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஒலிப்பதிவு நம் காதுக்குப் பிடிபடுமா என்று பார்த்துவிட வேண்டும்.

பார்க்க வேண்டியது மூன்று. பேஸ் (கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கருவி) தெளிவாகக் கேட்கிறதா? வேகம் மிதமாக இருக்கிறதா? ஒரு சுற்று, அதாவது முழு மெட்டு ஒரு முறை, எத்தனை பார் (தாள அளவு)? மூன்றாவதற்குக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். பெரும்பாலான ஜாஸ் பாட்டுகள் 32 பார் கொண்டவை. ஒரு பாருக்கு 4 அடி (தாளத் தட்டு) என்றால் மொத்தம் 128 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்று சரியாக 64 வினாடி. மெட்டு தொடங்கும் இடத்தில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வந்த வினாடியை வேகத்தால் பெருக்கி 240-ஆல் வகுத்தால் பார் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

தொடங்குவதற்கு மூன்று பாட்டுகளைச் சொல்கிறேன். ஹோரஸ் சில்வர் 1959-இல் பதிவு செய்த 'பீஸ்' மெதுவானது, ஒரு சுற்று 10 பார்தான். ஜாஸ் வட்டத்தில் அது ஓரளவு தெரிந்த பாட்டு, இருந்தாலும் நம் பக்கம் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. டேட் டேமரனின் 'ஆன் எ மிஸ்டி நைட்' 1956-இல் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனோடு பதிவானது. முதல் 8 பார் மெட்டு இரண்டு முறை, நடுவில் வேறு 8 பார், மறுபடி முதல் மெட்டு என்று ஒழுங்காக 32 பார் வரும். மூன்றாவது, சோனி கிளார்க்கின் 'புளூ மைனர்'. 1958-இல் பதிவான 'கூல் ஸ்ட்ரட்டின்' இசைத்தட்டில் இருக்கிறது. அதில் பேஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும், எழுதி எடுக்க அதைவிட வசதி வேறில்லை.

பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸின் பாட்டை முதல் பாட்டாக எடுக்காதீர்கள். 1955, 56-இல் அவர் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தவை அருமையானவை, ஆனால் கார்டுகள் எதிர்பாராத பக்கம் திரும்பும். ஒரு வருடம் கழித்துப் போங்கள்.

2. எந்த பியானோ

88 கட்டை, சுத்தியல் எடை உள்ள (நிஜ பியானோ போலக் கனமாக அழுந்தும்) கட்டை. இந்த இரண்டில் விட்டுக்கொடுக்காதீர்கள். கச்சேரிக்குப் பயன்படுத்தும் 61 கட்டை கீபோர்டில் தாளம் போட்டுத் தரும் வசதி இருக்கும், ஆனால் ஜாஸில் ஒரு கார்டின் நடு விரலை மட்டும் அழுத்தி, மற்றதை மெல்ல விட வேண்டிய இடம் அடிக்கடி வரும். லேசான கட்டையில் அந்தக் கட்டுப்பாடு வராது.

புதிதாக வாங்கினால் தொடக்க நிலை மாடல்கள் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ரிங்கிட்டுக்குள் இருக்கும். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, காசியோவின் சிடிபி வரிசை எல்லாம் இந்த வகைதான். என் கணிப்பில் ரோலண்ட் கட்டையின் தொடுதல் ஜாஸுக்கு ஒரு படி மேல். அடிக்கடி தூக்கிக்கொண்டு போகிறவருக்கு 11 கிலோ சொச்சம் உள்ள யமஹா வசதி. 'பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை) 64-தானா, 256 வேண்டாமா' என்று கடையில் பயமுறுத்துவார்கள். தனியாகப் பியானோ வாசிப்பவருக்கு 64 போதும். நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன என்பதும் விற்பனைப் பேச்சுதான், நீங்கள் பயன்படுத்தப்போவது முதல் ஒலி ஒன்றை மட்டும்.

கூடவே எக்ஸ் வடிவ ஸ்டாண்டு, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல், மூடிய வகை ஹெட்ஃபோன், கனமான பெடல் ஆகியவற்றுக்கு இன்னொரு 400, 500 ரிங்கிட் ஒதுக்கிவையுங்கள். பெட்டியோடு வரும் சின்ன சதுர பெடல் சிமெண்டுத் தரையில் வழுக்கி ஓடும்.

பெடலை இணையத்தில் தனியாக வாங்கும்போது கவனம். யமஹா பெடலும், ரோலண்ட், காசியோ, காவாய் பெடல்களும் எதிரெதிர் வகை. மாற்றிச் செருகினால் மிதிக்காதபோது ஒலி நீளும், மிதித்தால் நிற்கும். அடியில் ஒரு சின்ன சுவிட்ச் உள்ள பொது வகைப் பெடல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. பழைய பியானோவும் ஜப்பான் கரண்டும்

ஜப்பானிலிருந்து வரும் பழைய டிஜிட்டல் பியானோக்கள் நம் நாட்டில் நிறைய விற்கின்றன. மர அலமாரி போல அழகாக இருக்கும், விலையும் பாதி. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230 முதல் 240. நேராகச் செருகினால் கதை முடிந்தது.

பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். 100–240 என்று அடாப்டரில் எழுதியிருந்தால் பயமில்லை. 100 மட்டும் என்றால் நம் வோல்ட்டை 100-க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடாப்டரை விற்பவரே மாற்றிக் கொடுத்திருந்தால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா, வோல்ட்டும் பின்னின் துருவமும் பியானோவில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கடையில் நின்றபடியே 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் மெல்ல, பிறகு பலமாகத் தட்டிப் பாருங்கள். மெல்லத் தட்டினாலும் ஒரு கட்டை மட்டும் உரக்கக் கத்தினால் அதன் அடியில் உள்ள ரப்பர் தொடுமுனை தேய்ந்துவிட்டது என்று பொருள். நடுப்பகுதியில்தான் இது அதிகம் வரும், நமக்கு வேண்டியதும் அந்தப் பகுதிதான்.

4. தாள்களும் பணமும்

ரொக்கம் அல்லது கார்டு என்றால் ரசீது, உத்தரவாத அட்டை இரண்டும் போதும். ரசீதில் மாடலின் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். 'பியானோ 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை இணையத்தில் பதிய வேண்டிய மாடல் என்றால் அன்று இரவே பதிந்துவிடுங்கள். வெளுத்துப் போகும் வகை ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

தவணைக்கு வாங்கினால் பொதுவாகக் கேட்பது ஐசி (அடையாள அட்டை) நகல், கடைசி 3 மாத சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, முகவரிக்கு ஒரு மின் கட்டண பில். தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசித் தாள்தான் சிக்கல், ஏனென்றால் பில் நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) குடியிருப்பு உறுதிக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம் கேட்காதீர்கள், அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

'பூஜ்ய வட்டி' என்றால் மொத்தத் தொகையை எழுதிக் கேளுங்கள். மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கி ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பதில் மாதாமாதம் கட்டணம் ஏறலாம். சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம்தான், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழுதான பொருளைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் தனிநபரிடம் கைமாற்றாக வாங்கியதற்கு அங்கே போக முடியாது. நூறு, இருநூறு மலிவாகக் கிடைக்கிறது என்று தனிநபரிடம் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. வீட்டுக்கு வந்த பிறகு

பெட்டி ஒன்றரை மீட்டர் நீளம் வரும். ஈப்போவில் வாங்கினால் மைவி காரின் பின் இருக்கையை மடித்து, முன் இருக்கையைச் சாய்த்தால் கொண்டுவந்துவிடலாம். பெட்டியையும் தெர்மோகோலையும் உத்தரவாதம் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

மின் செலவு பற்றி வீட்டில் கேள்வி வரும். 6 வாட் எடுக்கும் பியானோவை தினமும் 2 மணி நேரம் வாசித்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இடிதான் உண்மையான எதிரி. மத்தியான மழை கட்டும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்னல் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பெட்டி வாங்கினாலும் பிடுங்குங்கள். மூடுவதற்குத் துணி போதும். பிளாஸ்டிக் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், பல்லிக்கும் வசதியாகிவிடும்.

லயத்து வீடாக இருந்தால் பக்கத்து வீட்டில் விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் எண்ணும் இடத்துக்கு) போகிறவர்கள் இருப்பார்கள். இரவு 9 மணிக்கு மேல் ஹெட்ஃபோன்தான். ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டையின் 'டக் டக்' சத்தம் ஸ்டாண்டு வழியாகப் பலகைத் தரையில் இறங்கும். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் விரித்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

6. நோட்டு தேடுவதும், காதால் எழுதுவதும்

இந்தப் படிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

முதலில் தேடிப் பாருங்கள். ஐரியல் புரோ என்ற செயலியில் பலர் பகிர்ந்த கார்ட் வரிசைகள் கிடைக்கும், மெட்டு இருக்காது. நியூயார்க்கிலிருந்து ஜாஸ் லீட் ஷீட்களை (மெட்டும் கார்டும் மட்டும் உள்ள தாள்களை) மட்டும் விற்கும் தளம் ஒன்று இருக்கிறது. ஐம்பதுகளின் அதிகம் தெரியாத பாட்டுகளை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பதிப்பித்திருக்கிறார்கள். விலை அமெரிக்க டாலரில், வங்கி அட்டையின் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். இலவசமாக உலவும் பிடிஎஃப்களில் தவறு ஏராளம். ஒரே பாட்டுக்கு இரண்டு தாள், இரண்டிலும் வேறு கார்ட் என்பது சர்வசாதாரணம். எதை வைத்திருந்தாலும் கடைசித் தீர்ப்பு ஒலிப்பதிவுதான்.

எழுதும் முறை இது. மெட்டை விட்டுவிட்டு பேஸிலிருந்து தொடங்குங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆக்கினால் சுருதி மாறாமல் மெதுவாகும். கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது, ஹெட்ஃபோன் கட்டாயம். அப்படியும் புரியவில்லையென்றால் பாட்டை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு சுருதியை 12 அரைச்சுரம் ஏற்றுங்கள். பேஸ் ஒரு ஸ்தாயி மேலே வந்து மனிதக் குரல் போலத் தெளிவாகப் பாடும். ட்ரம்பெட் மட்டும் கொசு மாதிரி கத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் வாசிப்பவர் ஒரு பாரில் நான்கு சுரம் நடந்து போவார். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு பாரின் முதல் அடியில் விழும் சுரத்தை மட்டும் எழுதுங்கள். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே சுரம் வந்தால் அதுதான் அந்தக் கார்டின் வேர் (ரூட்). இரண்டு சுற்றில் இரண்டு விதமாக வந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பிறகு பியானோவில் வேரை வைத்துக்கொண்டு மூன்றாம், ஏழாம் சுரங்களைத் தேடுங்கள். மேஜரா மைனரா என்று மூன்றாவது சொல்லும், கார்ட் நிற்கிறதா வேறு இடம் போகத் துடிக்கிறதா என்று ஏழாவது சொல்லும்.

மெட்டுக்கு ஒரு தந்திரம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை மெட்டை வாசிப்பார்கள். இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது மெட்டு, மற்றது அன்றைய அலங்காரம்.

இரண்டு பொறிகள். பழைய ஒலிப்பதிவுகள் நம் பியானோவின் சுருதிக்குக் கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். இரண்டு கட்டைக்கு நடுவில் விழுவது போலத் தோன்றினால் பியானோவின் நுண்சுருதி அமைப்பை 440 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். வேலை முடிந்ததும் திரும்ப 440-இல் வைக்க மறக்காதீர்கள். இரண்டாவது, டிரான்ஸ்போஸ் பொத்தான் (விரல் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றுவது). ஃபிளாட் நிறைந்த பாட்டை அந்தப் பொத்தானைப் போட்டு சி-யில் வாசிப்பது சுலபம்தான். நாளைக்கு ஒரு பேஸ் வாசிப்பவரோடு உட்கார்ந்தால் அவர் சொல்லும் கார்டும் உங்கள் கையும் சேராது.

7. கைக்குக் கொண்டுவருவது

முதல் வாரம் இடது கையில் வேரும் ஏழாவதும், அல்லது வேரும் மூன்றாவதும் மட்டும். வலது கையில் மெட்டு. இவ்வளவிலேயே பாட்டு பாட்டாகக் கேட்கும். அடுத்து வேரை விட்டுவிட்ட நான்கு சுரக் கார்டுகள். சி மேஜரில் டி மைனர் 7-க்கு எஃப், ஏ, சி, இ. ஜி 7-க்கு எஃப், ஏ, பி, இ. சி மேஜர் 7-க்கு இ, ஜி, பி, டி. முதல் இரண்டுக்கும் நடுவில் நகர்வது ஒரே விரல்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த மூன்றையும் பாட்டில் வரும் எல்லா சுருதிகளிலும் பழகினால் பாதிப் பாட்டு கையில் வந்துவிடும். நடு சி-யைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக இந்த விலையில் உள்ள ஸ்பீக்கர்களில் எல்லாம் குழம்பிக் கேட்கும்.

கர்நாடக இசை தெரிந்தவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அந்த மூன்று கார்டுகளின் மேலும் ஓடும் சுரங்கள் டி-யிலிருந்து கரஹரப்பிரியா, ஜி-யிலிருந்து ஹரிகாம்போஜி, சி-யிலிருந்து சங்கராபரணம். டேமரன் போன்றவர்களிடம் ஜி 7 போன்ற ஏழாம் கார்டின் மேல் வாசஸ்பதியின் பிரதி மத்திமம் எட்டிப் பார்க்கும், அப்போது காது சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் ஒரே ராகத்தை 32 பாருக்கும் இழுக்க முடியாது. நடு 8 பாரில் சுருதியே வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) பாதி வேகத்தில் வையுங்கள். பாட்டு 120 என்றால் 60. அந்தத் தட்டுகளைப் பாரின் 2-ஆம், 4-ஆம் அடியாக எண்ணி வாசியுங்கள். முதலில் தலை சுற்றும், ஸ்விங் (ஜாஸுக்கே உரிய ஊஞ்சல் நடை) வருவது அதற்குப் பிறகுதான். எதிரொலி அமைப்பை அணைத்துவிடுங்கள், பெடலை மெதுவான பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் 40 நிமிடம் என்றால் முதல் பாட்டு மனப்பாடமாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இரண்டாவதற்கு அவ்வளவு ஆகாது.

8. வெளியே வாசிப்பது

உணவகத்திலோ மண்டபத்திலோ வாசித்தால் இசை உரிமக் கட்டணம் பொதுவாக இடத்துக்காரர் அல்லது ஏற்பாட்டாளர் பொறுப்பு. அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மலேசியச் சட்டத்தில் இசையமைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. கிளார்க் 1963-இலும் டேமரன் 1965-இலும் இறந்தவர்கள், சில்வர் 2014-இல். அமெரிக்காவில் கணக்கு வேறு, அதனால் யூடியூபில் ஏற்றும்போது உரிமைக் கோரல் அறிவிப்பு வந்தால் பதறாதீர்கள்.

விலை குறைந்த மாடல்களில் தனி ஒலி வெளியீடு இருக்காது. ஹெட்ஃபோன் துளையிலிருந்துதான் மிக்சருக்குக் கேபிள் எடுக்க வேண்டும், செருகியதும் பியானோவின் சொந்த ஸ்பீக்கர் நின்றுவிடும். அதனால் உங்கள் பக்கம் திருப்பி ஒரு ஸ்பீக்கர் கேளுங்கள். சில பியானோவில் அந்தத் துளை பெரியது, சிலவற்றில் சின்னது. இரண்டுக்கும் பொருந்தும் மாற்றியைப் பையில் வைத்திருங்கள். ஒலி அமைப்பாளரிடம் பாடகர் மைக்குக்குப் போட்டிருக்கும் எக்கோவை பியானோ சேனலில் முழுக்க அணைக்கச் சொல்லுங்கள். நம் மண்டபங்களில் அது எப்போதும் திறந்தே இருக்கும், அதில் நான்கு சுரக் கார்ட் போய் விழுந்தால் எந்தக் கார்ட் என்று உங்களுக்கே தெரியாது.